ஃபோர் வீல் போட்டால் அதிர்கிறதா? கியர்பாக்ஸை இறக்காதீர்கள்

"மினி டிராக்டரில் ஃபோர் வீல் போட்டதும் அதிர்ந்தால் கியர்பாக்ஸ் போச்சு, உடனே இறக்குங்கள்" என்று மேலூர், சோழவந்தான் பக்கம் ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. அது தவறு.

ஃபோர் வீல் போட்டால் நான்கு சக்கரமும் இழுக்கும். அப்போது முன் சக்கரம் பின் சக்கரத்தைவிடச் சில சதவீதம் கூடுதல் வேகத்தில் உருளும்படிதான் இந்த வண்டிகளை அமைத்திருப்பார்கள். சேற்று வயலில் டயர் வழுக்கி அந்த வித்தியாசம் கரைந்துவிடும். தார் ரோட்டில் வழுக்க வழியில்லை, அதனால் வண்டி திணறி அதிரும். ரோட்டில் ஏறும்போதே ஃபோர் வீலை எடுத்துவிடுங்கள்.

வயலிலும் அதிர்ந்தால் முதலில் டயரைப் பாருங்கள். பின் டயர் மொட்டையாக இருக்க, முன் டயரை மட்டும் புதிதாகப் போட்டிருந்தாலே போதும், அதிரும். காற்றையும் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் எழுதியுள்ள டயர் அளவை வண்டியோடு வந்த கையேட்டோடு ஒப்பிடுங்கள். அப்புறம் இன்ஜினை அணைத்துவிட்டு, முன் அச்சுக்குப் போகும் ஷாஃப்ட் ஆடுகிறதா என்று பாருங்கள்.

அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம். நல்ல கியர்பாக்ஸைப் பிரிக்க யாரும் நகையை அடகு வைக்கக் கூடாது.