விக்னேஸ்வரனின் 132,255 வாக்குகளை எப்படி வாசிப்பது

யாழ்ப்பாணத்தில் தேர்தல் கதை எழுந்தாலே இரண்டு எண்களை அருகருகே வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். 2013 மாகாண சபைத் தேர்தலில் யாழ். மாவட்டத்தில், பின்னர் வட மாகாண முதலமைச்சரான விக்னேஸ்வரன் ஐயா எடுத்த விருப்பு வாக்கு 132,255. 2020 நாடாளுமன்றத் தேர்தலில் அதே மாவட்டத்தில் 21,554. சனம் கைவிட்டிட்டுது, அவ்வளவுதான் என்று கதை முடிந்துவிடும். எனக்கு இந்தக் கணக்கில் உடன்பாடே இல்லை.

விருப்பு வாக்கு தனியாக விழுவதில்லை. முதலில் கட்சிக்குப் புள்ளடி, அப்புறம்தான் அந்தக் கட்சி வேட்பாளர்களில் விரும்பிய மூன்று பேர் வரையானவர்களின் இலக்கங்கள். 2013 இல் அவர் நின்ற தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் வீட்டுச் சின்னத்துக்கு மாவட்டத்தில் விழுந்தது 213,907 வாக்குகள், அதில் ஏறக்குறைய 62 வீதம் பேர் ஐயாவின் இலக்கத்துக்கும் போட்டார்கள். 2020 இல், கூட்டமைப்பை விட்டுப் பிரிந்தபின் அவர் தலைமையில் நின்ற தமிழ் மக்கள் தேசியக் கூட்டணி எடுத்தது 35,927, அதிலும் 60 வீதம் பேர் அவருக்கே போட்டிருக்கிறார்கள். தன் பட்டியலுக்குள் அவருக்கு இருந்த இடம் அப்படியேதான் இருந்தது, பட்டியல்தான் சுருங்கிப் போனது.

இதை அவருக்குச் சாதகமாகவும் நான் சொல்லவில்லை. அந்தப் பெரிய எண்ணும் அவருடைய சொத்து இல்லை. போர் முடிந்து நாலே வருஷம், ஆளுநர் ஒரு முன்னாள் இராணுவ அதிகாரி, வட மாகாணத்துக்கென்று நடந்த முதல் தேர்தல். அரசியலுக்கே புதியவரான அனந்தி சசிதரனுக்கு, 2009 இல் இராணுவத்திடம் சரணடைந்த கணவர் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்த அந்தப் பெண்ணுக்கு, 87,870 விருப்பு வாக்கு விழுந்ததே, சனம் எதற்காக வரிசையில் நின்றது என்று அது சொல்லும்.

சரி, வீடாவது தப்பியதா? 2015 நாடாளுமன்றத் தேர்தலில் இதே மாவட்டத்தில் 207,577 எடுத்த இடத்தில் 2020 இல் 112,967. 2017 இல் மாகாண அமைச்சர்கள் மீதான விசாரணை, அதைத் தொடர்ந்து சொந்தக் கட்சிக்காரரே முதலமைச்சருக்கு எதிராகக் கொண்டுவந்த நம்பிக்கையில்லாப் பிரேரணை என்று நடந்த சண்டையில் இரண்டு பக்கமும் இழந்தன என்றுதான் நான் பார்க்கிறேன். தமிழருக்கு நடந்தது இனப்படுகொலை என்று 2015 பெப்ரவரியில் மாகாண சபையில் நிறைவேற்றிய தீர்மானத்துக்காக ஐயாவை நான் இன்றும் மதிக்கிறேன். ஆனால் நிர்வாகத்தில் அந்த உறுதியில் பாதிகூடக் காணவில்லை, இருந்த கொஞ்ச அதிகாரத்தைக்கூட முழுதாகப் பயன்படுத்தவில்லை என்ற கோபமும் எனக்கு இருக்கிறது.

அந்தக் கோபத்தையோ மதிப்பையோ ஒரு வாக்குச் சீட்டில் காட்ட எங்களை விடவில்லையே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது, அதன்பிறகு தேர்தலே வைக்கவில்லை. 2017 இல் மாகாண சபைத் தேர்தல் முறையை மாற்றினார்கள், அதற்கான தொகுதி எல்லை நிர்ணய அறிக்கை அடுத்த வருஷம் நாடாளுமன்றத்தில் தோற்றது, அதைச் சாட்டாக வைத்தே அடுத்தடுத்து வந்த அரசாங்கங்கள் காலத்தைக் கடத்தின. முதலமைச்சராக இருந்தவரின் ஐந்து வருஷத்தை நாடாளுமன்றத் தேர்தல் எண்ணை வைத்து அளக்க வேண்டி வந்தது இதனால்தான். 2013 இல் பதினேழு வயதில் இருந்த பிள்ளைகள் இன்று முப்பதை ஒட்டி நிற்கிறார்கள், மாகாண சபைக்கு ஒரு தடவைகூட வாக்குப் போட்டதில்லை. பழைய முறையோ புதிய முறையோ, முதலில் தேர்தலை வையுங்கள்.