நியோஸ் ஏரியில் வெடித்தது குண்டு அல்ல

"கேமரூனில் ரகசியமாக நியூட்ரான் குண்டைச் சோதித்தார்கள். ஊரே செத்தது, வீடுகளுக்குக் கீறல்கூட இல்லை" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. (நியூட்ரான் குண்டு என்பது கட்டடங்களை அதிகம் இடிக்காமல் கதிர்வீச்சால் ஆட்களைக் கொல்லும் அணுகுண்டு.) தவறு.

1986 ஆகஸ்ட் 21 இரவு, கேமரூனின் நியோஸ் ஏரியைச் சுற்றிய கிராமங்களில் சுமார் 1,700 பேர் இறந்தது உண்மைதான். கொன்றது கரியமில வாயு. எரிமலைப் பள்ளத்தில் தேங்கிய அந்தச் சின்ன ஏரியின் அடியாழத்தில், மூடிய சோடா பாட்டிலில் இருப்பதுபோல அது கரைந்து கிடந்தது. அன்று பொங்கிவிட்டது. காற்றைவிடக் கனம் என்பதால் பள்ளத்தாக்கு வழியே தரையோடு இறங்கி, தூங்கியவர்களின் மூச்சை அடைத்தது. எண்ணெய் மிச்சமிருந்தும் விளக்குகள் அணைந்து கிடந்தன. குண்டு இப்படியா விளக்கை அணைக்கும்?

சரி, 1984-இல் அதே நாட்டின் மோனூன் ஏரியில் 37 பேர் இதேபோல் இறந்தார்களே, அதுவும் குண்டா? மறுபடி பொங்காமலிருக்க, 2001-இல் நியோஸில் குழாய் இறக்கி, வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றத் தொடங்கினார்கள்.