7-இல் தொடங்கினால் புதுசாகிவிடுமா?

டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் என் அக்கா தையல் மிஷின் மிதித்துச் சேர்த்த பணம் அது. காவடி சீசனுக்கு மஞ்சள் புடவை, ஜாக்கெட், வேட்டி என்று ராத்திரி பகலாகத் தைத்து, லே-பையில், அதாவது கட்டி முடித்த பிறகே பொருளைத் தரும் தவணையில் போட்டு, மாதாமாதம் கடைக்கே போய்க் கட்டி, ஆறு மாதம் கழித்துக் கையில் வாங்கிய லேப்டாப். மகள் வெஸ்ட்வில் கேம்பஸில் முதல் வருடம், அவளுக்காக. அந்தப் பிள்ளை போன வாரம் என்னிடம் வந்து, “மாமா, பக்கத்து வீட்டு அண்ணனோட பழைய லேப்டாப் இதைவிட வேகமா ஓடுது, நான் ஏதாவது தப்பா பண்றேனா?” என்று கேட்கிறாள். கேட்டதும் எனக்கு வயிறு எரிந்தது.

இரண்டையும் சமையலறை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இரண்டிலும் ஒரே ஸ்டிக்கர், ரைசன் 5, ஏஎம்டி கம்பெனியின் ப்ராசஸர். வகுப்புக்காக அவள் எடுத்து எடிட் செய்த பத்து நிமிட வீடியோவை முழு ஃபைலாக மாற்றும் வேலையை இரண்டிலும் ஒரே நேரத்தில் கொடுத்தோம். பக்கத்து வீட்டுப் பையனுடையது வேலையை முடித்துவிட்டது. நான் டீ போட்டு எடுத்து வந்து உட்கார்ந்த பிறகும் இவளுடையது மூன்றில் இரண்டு பங்கைத்தான் தாண்டியிருந்தது. பிள்ளை ஒன்றும் பேசவில்லை, அந்தப் பச்சைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விஷயம் இதுதான். அவனுடைய ப்ராசஸரின் முழு நம்பர் 5500U, 2021-இல் வந்தது: 6 கோர், 12 த்ரெட். கோர் என்பது உள்ளே வேலை செய்யும் கை மாதிரி, த்ரெட் என்பது ஒரே நேரத்தில் அது ஏற்கும் வேலை வரிசை. இவளுடையது 7520U: 4 கோர், 8 த்ரெட். இரண்டுக்கும் உள்ளே இருப்பது ஒரே ஜென் 2 வடிவமைப்பு, 2019-இல் வெளிவந்தது. நம்பர் 5-இலிருந்து 7-க்கு ஏறியிருக்கிறது, கோர் 6-இலிருந்து 4-க்கு இறங்கியிருக்கிறது. பழைய கள், புது மொந்தை. அதிலும் 7530U என்றால் ஜென் 3, 6 கோர். 7540U என்றால் ஜென் 4. இந்த ஏழாயிர வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் வடிவமைப்பைச் சொல்கிறது, முதல் இலக்கம் வெறும் வருடக் கணக்கு. இந்த விவரத்தை ஏஎம்டி 2022-லேயே வெளியிட்டுவிட்டது, ஒளித்து வைக்கவில்லை. ஆனால் கடையில் விலை அட்டையில் எழுதியிருந்தது “ரைசன் 5, 8 ஜிபி, 512 ஜிபி”, அவ்வளவுதான்! அக்கா அதையும் மீறி, பக்கத்து வீட்டில் இருப்பது ஐயாயிரத்துச் சொச்சம் நம்பர், இது எப்படி என்று கேட்டிருக்கிறாள். “இது ஏழாயிரம், அதைவிடப் பெரிசு” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லித் தொலையக் கூடாதா?

சரி, நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். பேட்டரி நன்றாக நிற்கிறது. 2023-இல் லோட் ஷெட்டிங்கில் நாம் பட்ட பாட்டுக்கு அப்புறம் இங்கே யாரும் லேப்டாப் வாங்கும்போது முதலில் கேட்பது, கரண்ட் போனால் எத்தனை மணி நேரம் ஓடும் என்பதைத்தான், அதில் தப்பே இல்லை. ஆனால் கரண்ட் குறைவாக எடுப்பதும் வேகமும் வேறு வேறு. அப்புறம் இந்த வகையில் ரேம் போர்டிலேயே ஒட்டி வருகிறது, பின்னால் ஒரு 8 ஜிபி வாங்கிச் செருகிக்கொள்ளலாம் என்ற நினைப்பே வேண்டாம். இதையாவது பணம் கட்டும் முன்னால் சொல்ல வேண்டாமா?

இன்டெல் பக்கமும் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான். i3-1215U-வும் i3, i3-N305-உம் i3. முதலாவதில் வேகத்துக்கு 2 பெரிய கோர், கரண்டை மிச்சம் பிடிக்க 4 சின்ன கோர். இரண்டாவதில் எட்டும் சின்ன கோர்தான். இன்டெலின் N100 என்பது 6 வாட், 4 சின்ன கோர், கணக்கு எழுதவும் பாடம் படிக்கவும் போதும், அதற்கேற்ற விலை என்றால் தாராளமாக வாங்குங்கள். கோபமெல்லாம் அதை 1215U விலைக்குத் தள்ளிவிடுபவர்கள் மேல்தான். வாட் கணக்கையும் அப்படியே நம்ப முடியாது: 1215U-வுக்கு 15 வாட் என்று போட்டிருக்கும், ஆனால் டர்போவில், அதாவது கொஞ்ச நேரம் முழு வேகத்தில் ஓடும்போது, 55 வரை ஏறலாம், எவ்வளவு நேரம் அப்படி ஓடவிடுவது என்பது லேப்டாப் செய்பவரின் கையில். மெல்லிய உடம்பு, சின்ன ஃபேன் என்றால் கொஞ்ச நேரத்திலேயே சூடாகி வேகம் இறங்கிவிடும். அதனால்தான் ஒரே ப்ராசஸர் இரண்டு லேப்டாப்பில் இரண்டு விதமாக ஓடுகிறது. கீக்பெஞ்ச் மாதிரி நடுநடுவே மூச்சு விட்டு ஓடும் வேகச் சோதனையின் மார்க்கை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். சினிபெஞ்ச் R23 என்ற சோதனையைப் பத்து நிமிடம் விடாமல் ஓட்டுங்கள், சார்ஜரோடு ஒரு தடவை, சார்ஜரைப் பிடுங்கிவிட்டு ஒரு தடவை. நம் வீட்டில் கரண்ட் இல்லாத நேரத்தில் அது எப்படி ஓடும் என்பது அந்த இரண்டாவது ஓட்டத்தில்தான் தெரியும்.

இதெல்லாம் என் அக்காவுக்கு எப்படித் தெரியும்? ஏன் தெரிந்திருக்க வேண்டும்? மாவுப் பொட்டலத்தில் கூட உள்ளே என்ன இருக்கிறது என்று அச்சடிக்கிறார்கள். ஆயிரக்கணக்கில் ராண்ட் வாங்கும் பொருளின் விலை அட்டையில் முழு நம்பரையும், கோர் எத்தனை என்பதையும், ரேம் கூட்ட முடியுமா முடியாதா என்பதையும் எழுத இவர்களுக்குக் கை வலிக்கிறதா? சனிக்கிழமை பில்லையும் லே-பை ரசீது ஆறையும் எடுத்துக்கொண்டு அக்காவோடு நானும் அந்தக் கடைக்குப் போகிறேன், மேனேஜர் வரும் வரைக்கும் அந்த அட்டைக்குப் பக்கத்திலேயே நிற்பேன்.