ட்ரெஞ்ச் கோட்டு சிப்பாய்க்குத் தைத்ததல்ல

ட்ரெஞ்ச் கோட்டைப் பற்றி, "முதல் உலகப்போரில் பதுங்குகுழிச் சிப்பாய்களுக்காக பர்பரி நிறுவனம் கண்டுபிடித்த கோட்டு, இடுப்பு வளையம் கையெறி குண்டு மாட்டத்தான்" என்று சொல்வதுண்டு. இரண்டுமே சரியில்லை.

பிரிட்டிஷ் சிப்பாய்க்கு அரசு கொடுத்தது கனமான கம்பளி கிரேட்கோட்டு. மழையும் சேறும் ஏறினால் அது தூக்க முடியாத பாரம். ட்ரெஞ்ச் கோட்டை அதிகாரிகள்தான் சொந்தக் காசில் வாங்கினார்கள். துணியும் போருக்கு முந்தியது: பர்பரி நிறுவனர் தாமஸ் பர்பரி கேபர்டின் என்ற அந்தத் துணியை உருவாக்கியது 1879, காப்புரிமை 1888. முன்பக்கப் பொத்தான்கள் இல்லாமல் பெல்ட்டால் இறுக்கும் பர்பரியின் டைலாக்கன் கோட்டு 1912. அக்வாஸ்கியூட்டம் என்ற இன்னொரு பிரிட்டிஷ் நிறுவனமும் இதில் முன்னோடி. ஒரே நிறுவனத்துக்குப் பெருமையைக் கொடுப்பது நியாயமல்ல.

கேபர்டினின் சூட்சுமம் நூலில் இருக்கிறது. நெய்வதற்கு முன்பே நூலுக்கு நீர்விலக்கப் பதம் கொடுத்து, பிறகு நெருக்கமான ட்வில்லாக, அதாவது சாய்வரி நெசவாக, நெய்வார்கள். அதனால் மழைத்துளி எளிதில் இறங்காது, வியர்வை ஆவியாக வெளியேறும். ரப்பர் பூசிய மெக்கின்டாஷ் மழைக்கோட்டில் வியர்வை உள்ளேயே தேங்கும்.

பெல்ட் வளையத்தில் தொங்கியது வரைபடப் பை போன்ற சாமான்கள். பாதுகாப்புப் பின் எங்காவது சிக்கி உருவிவிடக்கூடிய குண்டை இடுப்பில் ஆடவிட்டு முள்கம்பிக்கிடையே யார் நடப்பார்கள்? மணிக்கட்டுப் பட்டையைப் பாருங்கள், அதற்குத்தான் தெளிவான வேலை உண்டு: பைனாகுலரைத் தூக்கிப் பிடிக்கும்போது மழைநீர் கைவழியே முழங்கைக்கு ஓடாமல் தடுக்கும்.