இத்தாலியக் கால்பந்து வீரர் மால்டினி உலகக் கிண்ணம் வென்றவர் அல்ல

தம்பி, "2006இல் இத்தாலிக்காகக் கிண்ணம் தூக்கியது மால்டினி" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். அது பிழை. அன்று கிண்ணத்தைத் தூக்கிய கப்டன் கன்னவாரோ. மால்டினி 2002லேயே தேசிய அணியிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார்.

2002 உலகக் கிண்ணத்தில் இத்தாலிக்காக அவர் ஆடிய கடைசி ஆட்டத்தைக் கொட்டாஞ்சேனையில் பக்கத்து வீட்டு டிவியில் பின்னேரம் பார்த்தவன் நான். 117ஆவது நிமிடம், தென்கொரியாவின் ஆன் ஜுங் ஹ்வான் மால்டினிக்கு மேலே எம்பித் தலையால் முட்டினார் (அவரும் அப்போது இத்தாலியக் கழகமான பெருஜியாவில்தான் ஆடினார்). கோல்டன் கோல் (மேலதிக நேரத்தில் முதல் கோல் விழுந்ததும் ஆட்டம் முடியும் அன்றைய விதி), இத்தாலி வெளியே. மனசு கனத்துப்போனது.

1994 உலகக் கிண்ண இறுதியிலும் பிரேசிலிடம் பெனால்டியில் தோல்விதான். ஆனால் மால்டினி ஏசி மிலான் என்ற ஒரே கழகத்தில் 1985 முதல் 2009 வரை ஆடி, ஐந்து ஐரோப்பியக் கிண்ணங்கள் வென்றார். அதை எழுதுங்கள்.