சின்னத்தைப் பார்த்து நாட்டைத் தீர்மானிக்காதீர்கள்

இலங்கையில் ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் நீடித்த வாகன இறக்குமதித் தடை 2025 பெப்ரவரியில் நீங்கியதிலிருந்து, ஹட்டனிலும் நுவரெலியாவிலும் கார் வாங்க நினைப்பவர்களிடம் அதிகம் கேட்பது "ஜப்பானா, இந்தியனா?" என்ற கேள்விதான். கேள்வி நியாயமானது. ஆனால் அதற்கான விடையை வாகனத்தின் முகப்பிலுள்ள சின்னத்தில் தேடி, லீசிங் எடுத்த பணத்தில் பல இலட்சம் கூடுதலாகக் கொடுக்கிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஜப்பானியர்களே இன்று என்ன ஓட்டுகிறார்கள் என்று பாருங்கள். மிட்சுபிஷி மிராஜ் 2012 முதல் தாய்லாந்தின் லேம் சபாங் தொழிற்சாலையிலிருந்து ஜப்பானுக்குப் போனது. ஹொண்டா 2024இல் ஜப்பானில் அறிமுகப்படுத்திய டபிள்யூ.ஆர்-வி, இராஜஸ்தானின் தபுகாராவில் உருவாகிறது. ஐந்து கதவுகள் கொண்ட சுசுகி ஜிம்னி நொமாட் இந்தியாவின் குருகிராமில் தயாராவது. 2025 ஜனவரியில் அதை அறிவித்த சில நாட்களிலேயே ஏறத்தாழ 50,000 முன்பதிவுகள் குவிந்ததால், சுசுகி முன்பதிவையே நிறுத்திவைத்தது. ஐரோப்பியப் பெயர்களும் அப்படித்தான்: 2008 முதல் டாட்டாவுக்குச் சொந்தமான லேண்ட் ரோவரின் டிஃபெண்டர், ஸ்லோவாக்கியாவின் நித்ராவில் தயாராகிறது.

உதிரிப்பாகங்களின் கதை இதைவிடச் சிக்கலானது. காரில் பெயர் பொறித்த நிறுவனம் அதன் பாகங்களில் பெரும்பகுதியைத் தானே செய்வதில்லை. பிளக், இன்ஜெக்டர், பிரேக் போன்றவற்றை டென்சோ, பொஷ், ஐசின், என்.ஜி.கே. முதலிய நிறுவனங்கள் பல நாடுகளிலுள்ள தம் ஆலைகளில் செய்து கொடுக்கின்றன. எனவே பெட்டியில் தாய்லாந்து என்றோ இந்தியா என்றோ அச்சிட்டிருப்பது குறையல்ல. உங்கள் வாகனத்துக்கு விதிக்கப்பட்ட பாக எண்ணுடன் அது பொருந்துகிறதா, உண்மையான தயாரிப்பாளரிடமிருந்து வந்ததா என்பதே முக்கியம். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிலிருந்து ரம்பொடை வளைவுகள் வழியே கம்பளைக்கு இறங்கும்போது பிரேக் பேட் கடுமையாகச் சூடேறும். மட்டமான கலவையில் செய்த பேட் அந்தச் சூட்டில் பிடிமானத்தை இழந்துவிடும். போலிச் சாமானை "ஒரிஜினல் ஜப்பான்" என்று விற்பவர் நம் பிள்ளைகளின் உயிரோடு விளையாடுகிறார் என்பதை நான் கோபத்தோடேயே சொல்கிறேன்.

காற்றடைக்கத் தேவையில்லாத திண்ம டயர் உற்பத்தியில் உலகில் முன்னணியில் நிற்பது நமது நாடு. களனிப் பள்ளத்தாக்கு இறப்பர்த் தோட்டங்களில் நம்மவர்கள் பால் வெட்டுகிறார்கள். இங்கே வார்த்த டயர்கள் பிறநாட்டுப் பெயர்களோடு கப்பலேறுகின்றன. அவற்றை வாங்கும் வெளிநாட்டவர், தயாரான இடம் இலங்கை என்பதற்காகத் தரத்தைச் சந்தேகிப்பதில்லை.

வாகனம் வாங்குபவர்கள் பதிவுச் சான்றிதழில் உற்பத்தி நாடு என்ன என்று முதலில் பாருங்கள். 17 எழுத்துகளும் இலக்கங்களும் கொண்ட சேசி நம்பராக இருந்தால், ஜே என்ற எழுத்தில் தொடங்குவது ஜப்பானையும், எம்.ஏ. என்று தொடங்குவது இந்தியாவையும், எல் சீனாவையும் குறிக்கும். விற்பனையாளர்களும் தம் விளம்பரங்களில் தயாரான நாட்டை வெளிப்படையாக எழுத வேண்டும். எழுதாதவரிடம் முற்பணம் கட்டும் முன் அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.