ஆத்தங்குடிக் கல் சுட்டதல்ல

மாடர்ன் வீட்டின் விட்ரிஃபைடு டைல்ஸும் பழைய செட்டிநாட்டு வீட்டுத் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லும் சூளையில் சுட்டவைதான், டிசைன் மட்டுமே வேறு என்று சிலர் சொல்கிறார்கள். அப்படி இல்லைங்க. விட்ரிஃபைடு சுடப்படுவது, சரி. ஆத்தங்குடிக் கல்லைச் சுடுவதே இல்லை. கண்ணாடித் தட்டின் மேல் அச்சு வைத்து, வண்ணக் கலவையைக் கையால் ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். அந்தப் பளபளப்பு கண்ணாடி கொடுத்தது.

சென்னைக் கடைகளில் இதே பூ டிசைனைப் பிரிண்ட் செய்த செராமிக்கும் கிடைப்பதால் குழப்பம் வருவது இயல்புதான். கடையில் உடைந்த துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி ஓரத்தைப் பாருங்கள். ஆத்தங்குடிக் கல் என்றால் மேலே மெல்லிய வண்ண அடுக்கு, கீழே சொரசொரப்பான சிமெண்ட் இருக்கும். பின்பக்கம் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டால் உறிஞ்சிவிடும். விட்ரிஃபைடில் அப்படியே நிற்கும்.